மகளுக்கு வரலாறு, மகனுக்கு ஃபிட்டர்: வீரவநல்லூர்த் தம்பிக்குப் பதில்

வீரவநல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். மூத்த மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்து 600-க்கு 450 வாங்கியிருக்கிறாள். கணக்கு 72, இயற்பியல் 68, வேதியியல் 66. அவளுக்கு பி.ஏ. வரலாறு படிக்க ஆசை. தாய்மாமனோ, "பி.ஏ. படிச்சவன் எல்லாம் ஜவுளிக்கடையில சேலை மடிக்கான். நான் மூணு லட்சம் புரட்டித் தாரேன், தனியார் காலேஜுல கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேத்து விடு" என்கிறாராம். இளையவன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 271. மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில்தான் அவனுக்குப் புத்தி போகிறது. ஐ.டி.ஐ.யில் போடலாம் என்று இவர் நினைக்க, "டிகிரி இல்லாத பயலுக்கு நாளைக்கு யாரு பொண்ணு தருவா?" என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கடைசியில் அவர் கேட்டது: "அண்ணாச்சி, கலைப் படிப்பா, தொழில் படிப்பா, எது சோறு போடும்?"

தம்பி, நான் இரண்டும் படித்தவன். 1986-ல் பாளையங்கோட்டையில் பி.ஏ. பொருளியல் முடித்தேன். இரண்டு வருஷம் வேலை தேடினேன். கையில் இருந்தது பட்டமும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வேலைவாய்ப்பு அலுவலக அட்டையும்தான். 23 வயதில், என்னைவிட ஆறேழு வயது குறைந்த பையன்களோடு ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் போய் நின்றேன். அப்புறம் அப்ரண்டிஸ், கிண்டியில் ஒரு வருஷம் பயிற்றுநர் பயிற்சி, பிறகு ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படிப்பின் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்தப் படிப்பில் சேர்ந்தால் பிள்ளையின் பொழுது ஒரு நாளைக்கு எங்கெங்கே போகும் என்று மணிக்கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு இது தெரிய ரொம்ப வருஷம் ஆனது.

கலைக் கல்லூரியில் வகுப்பு அரை நாள்தான். நம் பக்கத்தில் பல கல்லூரிகள் ஷிப்ட் முறையில் நடக்கின்றன; காலை ஷிப்ட் என்றால் மதியம் வீடு, மதிய ஷிப்ட் என்றால் காலை முழுக்க சும்மா. மூன்று வருஷத்துக்கு அந்த மீதி அரை நாள்தான் கலைப் படிப்பு பிள்ளைக்குக் கொடுக்கிற பெரிய சொத்து. அதை என்ன செய்தாள் என்பதில்தான் அவள் பிழைப்பு இருக்கிறது. நான் அந்த அரை நாளை மூன்று வருஷமும் ஜங்ஷனில் நண்பர்களோடு நின்றே கழித்தேன். எதிர்த்த பெஞ்சில் இருந்த ஒருவன் அதே நேரத்தில் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனான். நான் வேலை தேடி அலைந்தபோது அவன் நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே பட்டம், ஒரே வகுப்பு.

தொழில் படிப்பில் மீதி நேரம் கிடையாது. காலையிலிருந்து மாலை வரை பட்டறையில் நிற்க வேண்டும். அங்கே கேட்க வேண்டியது, அந்த நேரம் நிஜமாகவே மெஷின் முன்னால் போகிறதா என்பது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மகள். மச்சான் சொல்வதில் பாசம் இருக்கிறது, கணக்கு இல்லை. பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுவார்கள்: கணக்கு முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி. உங்கள் மகளுக்கு 72, 34, 33, ஆக 139. பொதுக் கலந்தாய்வில் இது நல்ல கல்லூரிக்குப் போதாது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் கட்-ஆஃப் கீழே இறங்கி வரும். இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அதாவது, அவள் பொறியியல் படித்தே ஆக வேண்டும் என்றாலும் மூன்று லட்சம் கடன் தேவையே இல்லை. கலந்தாய்வு வழியாகப் போனால் இலவசம், நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் கடன். அந்த ஒதுக்கீட்டைப் பற்றித் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கிப் படித்தால் பின்னால் என்ன வரும்? பெரிய ஐ.டி. கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கிற நுழைவுச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அதுவும் நல்ல கல்லூரிகளுக்குத்தான் அவர்கள் வருகிறார்கள். வராத கல்லூரியில் படித்த பி.இ. பிள்ளைகள், மச்சான் சொன்ன அதே ஜவுளிக்கடையில், பி.ஏ. படித்தவர்களின் பக்கத்தில் நின்று அதே சம்பளம்தான் வாங்குகிறார்கள். கம்ப்யூட்டரில் உண்மையான ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு வேறு கதவும் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஜோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளியில் ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணம் இல்லாமல் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் உங்கள் மகளின் ஆர்வம் அங்கே இல்லை. ஆதிச்சநல்லூருக்குப் பள்ளியில் கூட்டிப்போனதிலிருந்து வரலாறு வரலாறு என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 17 வயதில் ஒன்றின்மேல் தானாக ஆசை வைக்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை, தம்பி. அதை வெட்டிவிடாதீர்கள்.

சரி, வரலாறு படித்தால் எப்படிப் பிழைப்பாள்? இங்கே நான் பூசி மெழுக விரும்பவில்லை. 2024-ல் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற அரசு வேலைகளுக்கான குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். வெறும் பட்டத்தோடு அந்த வரிசையில் போய் நின்றால் எத்தனை வருஷம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 20 லட்சத்தில் பெரும்பாலானவர்கள் விண்ணப்பம் போட்ட பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். வரலாறு படிக்கிற பிள்ளைக்கு வகுப்புப் பாடமே தேர்வுப் பாடம்: தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, தேசிய இயக்கம் எல்லாமே கேள்வித்தாளில் வருகிறது. குரூப் 4-ல் பாதி மதிப்பெண் தமிழுக்கு. அவளோ ப்ளஸ் டூவில் தமிழில் 91.

இன்னொரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பட்டத்தைத் தகுதியாகக் கேட்கிற குரூப் 1, குரூப் 2 வேலைகளுக்கு, பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளையைக் கௌரவத்துக்காக ஆங்கில வழி பி.ஏ.வில் சேர்த்து, இந்த உரிமையை இழந்தவர்கள் எத்தனையோ பேர். பி.ஏ. வரலாறு தமிழ் வழியில் இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். ஆங்கிலத்தை வெளியே தனியாகக் கற்கட்டும், அதுவும் அவசியம்தான்.

அந்த மீதி அரை நாளுக்கு என் யோசனை இது. முதல் வருஷம் தட்டச்சு. ஊருக்கு ஒரு தட்டச்சுப் பயிலகம் இன்னும் இருக்கிறது, கட்டணமும் அதிகமில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் என்கிற மேல்நிலைத் தேர்வை முடித்துவிட்டால், குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குத் தகுதி வந்துவிடும்; அந்த வரிசை பொது வரிசையைவிட ரொம்பச் சின்னது. இரண்டாம் வருஷம் தினமும் இரண்டு மணி நேரம் போட்டித் தேர்வுப் படிப்பு. மூன்றாம் வருஷம் மேற்கொண்டு எங்கே போவது என்று அவளே முடிவு செய்வாள். பி.எட். முடித்தால் சமூக அறிவியல் ஆசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வு எழுதலாம், ஆனால் பி.எட். இரண்டு வருஷம், நியமனமும் மெதுவாகத்தான் நடக்கிறது. வாதாடுகிற பிள்ளை என்றால் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும். தொல்லியல்தான் வேண்டும் என்று நின்றால், முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறையே இரண்டு வருட டிப்ளமோ நடத்துகிறது. இடங்கள் குறைவு. ஆனால் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் நம் பக்கத்தில் இருக்கும்போது இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் நாலு பேராவது போக வேண்டும் என்பது என் ஆசை.

முனைவர் பட்டம், கல்லூரி ஆசிரியர் என்ற கனவை மட்டும் இப்போதே வளர்க்க வேண்டாம். 35 வயதில் கௌரவ விரிவுரையாளராக, அரசுக் கல்லூரியில் மாதம் 25,000 ரூபாய்க்கு நிரந்தரம் இல்லாமல் நிற்கிற படித்த பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

இனி நான் சொல்லத் தயங்கி, ஆனால் சொல்லியே ஆக வேண்டியது. உங்கள் வீட்டில் அந்த அரை நாளுக்குப் போட்டியாக இருப்பது செல்போன் அல்ல, பீடித்தட்டு. கல்லூரி விட்டு வந்த பிள்ளை அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்து இலை வெட்டும், முடிச்சுப் போடும். ஆயிரம் பீடி சுற்ற ஒரு நாள் ஓடிவிடும் என்றால், இன்னொரு ஜோடிக் கை எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் சுற்றியவர்தான். ஆனால் முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் நல்ல மார்க் வாங்கிய எத்தனையோ பெண் பிள்ளைகளின் பி.ஏ. அந்தத் தட்டில்தான் கரைந்து போயிருக்கிறது. மூன்று வருஷம் அவள் மடியில் தட்டை வைக்காதீர்கள். அந்தக் குறைவை ஈடுகட்டக் கொஞ்சம் பணம் வரும் வழியும் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகைக்கு இரண்டு பிள்ளைகளுக்குமே விண்ணப்பிக்கலாம். அட்டை இருந்தும் இதைக் கேட்காதவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

அடுத்தது மகன். இவனைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் ஊரில் பட்டத்துக்கு இருக்கிற மதிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரி 1878-ல் வந்தது, தூய சவேரியார் கல்லூரி 1923-ல். வாத்தியார், குமாஸ்தா வேலைக்குத் தென் மாவட்டங்கள் முழுக்க இங்கிருந்துதான் ஆள் போனார்கள். வயலிலும் பனையிலும் கிடந்த குடும்பங்கள் ஒரு தலைமுறையில் நிமிர்ந்தது அந்தப் பட்டத்தால்தான். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அரசு பொறியியல் கல்லூரி திருநெல்வேலிக்கு வந்தது 1981-ல். இடையில் நூறு வருஷம். அந்த நூறு வருஷத்தில் பாபநாசத்தில் மில் வந்தது, தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்தது, ஆனால் எண்ணெய்க் கறை பட்ட சட்டைக்குப் பெண் வீட்டில் மரியாதை வரவில்லை. உங்கள் வீட்டில் இருக்கிற பயம் அந்த நூறு வருஷத்துப் பயம். அவர்கள்மேல் குற்றமில்லை.

அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். குரூப் 4-ல் தேறி இளநிலை உதவியாளர் ஆனால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில், பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்துத் தேர்வு எழுதி டெக்னீசியனாகச் சேர்ந்தால் 21,700. முதல் வகுப்பில் டிப்ளமோ முடித்துத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தால் 44,900. கூடங்குளம் அணுமின் நிலையத்திலும், ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கும் ஐ.டி.ஐ. படித்தவர்களை எடுக்கிறார்கள். இவையும் போட்டித் தேர்வுகள்தான், எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் கிடைக்காதவன் கையிலும் ஒரு தொழில் இருக்கும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலையும் சூரியத் தகடு ஆலையும் ஓடுகின்றன. பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்க ஆள் தேவைப்படுகிறது. சூரியத் தகடு ஆலையில் பெண்கள்தான் பெரும்பான்மை என்பதையும் கவனியுங்கள். தொழில் படிப்பு ஆண் பிள்ளைக்குத்தான் என்ற காலம் போய்விட்டது.

டிகிரி விஷயம். ஐ.டி.ஐ. போனால் பட்டம் வாங்கவே முடியாது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து, மேல்நிலை மொழிப்பாடத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு நிகராகத் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. இன்னொரு பாதை: இரண்டு வருட ஐ.டி.ஐ.யிலிருந்து பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம், டிப்ளமோவிலிருந்து பி.இ.யில் நேரே இரண்டாம் வருஷம். இரண்டு, இரண்டு, மூன்று, ஆக ஏழு வருஷம். ப்ளஸ் டூ வழியாகப் போனால் ஆறு வருஷம். ஒரே ஒரு வருஷம் கூடுதல், ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் சம்பாதிக்கிற தொழில் இருக்கும். 271 மார்க் வாங்கிய பிள்ளையை ப்ளஸ் ஒன் கணக்குக்கும் இயற்பியலுக்கும் அனுப்பி, இரண்டு வருஷம் அவமானப்பட வைத்து, அப்புறம் ஐ.டி.ஐ.க்குக் கூட்டி வருகிற பெற்றோர்களை வருஷாவருஷம் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் வரும்போதே "நமக்குப் படிப்பு வராது" என்று தலை குனிந்து வருவார்கள். அதை நிமிர்த்தவே எங்களுக்கு ஆறு மாதம் ஆகும்.

ஃபிட்டர் வகுப்பில் முதல் சில மாதம் என்ன நடக்கும் தெரியுமா? ஓர் இரும்புத் துண்டை வைஸில் கடித்து வைத்து, அரத்தால் ராவச் சொல்வோம். ராவி முடித்து மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் மட்டமாகவில்லை. மறுபடி ராவு. கை காய்த்துப் போகும், பையன்கள் அழுவார்கள். ஒரு நாள் வெளிச்சம் தெரியாது. அன்றைக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும், தம்பி. பரீட்சையில் 35 வாங்கவே திணறியவன், வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் படிப்பான், தப்பாகப் படித்தவனைத் திருத்துவான். மோட்டாரைக் கழற்றி மாட்டுகிற உங்கள் மகனுக்கு ஃபிட்டரோ எலெக்ட்ரீசியனோ பொருந்தும்; இரண்டுமே இரண்டு வருஷம். அவசரமாகச் சம்பாதிக்க வேண்டும் என்றால் வெல்டர் ஒரு வருஷம்தான், ஆனால் ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தால் மேலே நான் சொன்ன ப்ளஸ் டூ நிகர் கிடைக்காது. முடித்ததும் ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போகாமல் விடக் கூடாது. உதவித்தொகை குறைவு என்று பல பையன்கள் அதைத் தட்டிவிட்டு நேரே வேலைக்கு ஓடுகிறார்கள். பெரிய ஆலையில் ஒரு வருஷம் நிற்கும்போது கற்கிற ஒழுங்கைச் சின்னப் பட்டறையில் பத்து வருஷத்திலும் கற்க முடியாது.

அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பையன் என்பதால் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 கேட்கலாம். காசுக்காக மட்டும் நான் அரசு நிலையத்தைச் சொல்லவில்லை. ஒரு முறை ஒரு தனியார் நிலையத்துக்குத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். லேத் எல்லாம் துணி போர்த்தி இருந்தது. துணியை எடுத்தால், இரும்பைப் பிடிக்கிற சக்கில் துரு. இரண்டு வருஷம் அந்தப் பிள்ளைகள் அதைத் தொட்டதே இல்லை. சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துப் படம் வரைந்திருக்கிறார்கள். வெல்டிங் ராடு மிச்சம் பிடிக்க வாரத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்கும் என் பி.ஏ. பட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? நல்ல தனியார் நிலையங்களும் உண்டு. எதுவானாலும் நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

வீரவநல்லூரிலிருந்து செங்கோட்டை லைன் ரயிலில் வந்து பேட்டை ஸ்டேஷனில் இறங்கினால், அரசு ஐ.டி.ஐ.யும் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் அந்த ஊரிலேயே இருக்கின்றன. ஒரு நாள் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டி வாருங்கள். வேலை நாளாகப் பார்த்து, காலை பத்தரை மணிக்கு மேல் வாருங்கள். ஐ.டி.ஐ.யில் அலுவலகத்துக்குப் போகும் முன் ஃபிட்டர் பிரிவு வாசலில் நின்று, மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறதா, தரையில் புது இரும்புத் துருவல் கிடக்கிறதா என்று பையனையே பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியில் மகள், எந்த ஷிப்ட், வகுப்பு எத்தனை மணிக்கு விடும், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பி.ஏ. வரலாறு தமிழ் வழியில் உண்டா என்று கேட்கட்டும். அங்கே இல்லையென்றால் பாளையங்கோட்டைக்குப் போய் இதே கேள்விகளைக் கேட்கட்டும். வருகிற தேதியை முன்கூட்டியே சொன்னால் நானும் பேட்டை ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.